கரையேறும்போது ஒரு மிதி

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் இருந்த ஒரு மெக்கானிக் எந்தக் குழாயை எடுத்தாலும், முதலில் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். என் பழைய சின்னக் காருக்கு டர்போ வைக்க ஆசை. எஞ்சினின் புகையைத் திரட்டி டர்போவைச் சுழற்ற அனுப்பும் மேனிஃபோல்டைக் கப்பலில் வரவழைக்கலாமா என்று கேட்டேன்.

"மெயின்லேண்ட் மால் எதுக்கு சார்? பழசையே அறுத்து வெல்டிங் பண்ணலாம். என் வண்டில அதான் ஓடுது."

அவரும் என்னைப் போல, வண்டியை ஃபெரியில் ஏற்றிக் கடக்க வேண்டிய பாராடாங் பக்கம்தான் ஓட்டுகிறவர். அந்தக் காட்டு வழியில் போலீஸ் காவலோடு வரிசையாக, கான்வாயில்தான் போக வேண்டும். யாரையும் முந்த முடியாது.

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு டர்போ?"

விரலைத் துடைத்துக்கொண்டார். "ஃபெரிலேர்ந்து கரையேறுறப்ப ஒரே ஒரு மிதி. பத்தடிதான். அது போதும் சார்."

பத்தடிக்குள் டர்போ வேகம் பிடிக்கவே பிடிக்காது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் என் மேனிஃபோல்டைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.