பூனைக்குட்டி விருத்தாம்பாள்

விருத்தாம்பாளுக்குப் பூனைக்குட்டி என்று பெயர் வைத்தது நான்தான். செஞ்சிக் கடைத்தெருவில் அது ஒட்டிக்கொண்டது. ஆளைப் பார்த்தால் அந்தப் பெயர் யாருக்கும் தோன்றாது. நல்ல உயரம், களத்துமேட்டில் நெல்மூட்டை தூக்கிப் பழகிய தோள். என் ஜவுளிக்கடையின் முன்பக்கத்தில் தையல் மிஷின் போட்டு, ரவிக்கையும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். ஒரு பெண்பிள்ளை கடைத்தெருவில் மிஷின் மிதிப்பதாவது என்று வாய்க்கு வந்தபடி பேசியவர்கள் உண்டு. பேசி ஓய்ந்ததும் அவர்களே வீட்டுப் பெண்களின் அளவு ரவிக்கையோடு வந்து நின்றார்கள்.

பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல், அவள் தொட்டில் கட்டாத மரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. வேண்டாத சாமியும் இல்லை. ஒரு பங்குனியில் சிங்கவரம் மலைக்கோயிலுக்கு ஒரு வைணவ ஆசாரியர் வந்து தங்கினார். அவரிடம் போய், சங்கும் சக்கரமும் காய்ச்சிப் போட்ட சூட்டைத் தோள்களில் வாங்கிக்கொண்டு, பெருமாளிடம் சரணாகதி செய்துவிட்டுத் திரும்பினாள். மறுநாளே தைக்க வந்துவிட்டாள். தோள் வெந்திருந்தது, முகம் மட்டும் கல்யாணப் பெண்ணுக்குரிய முகமாக இருந்தது.

மோட்சத்துக்குப் போக வைணவத்தில் இரண்டு வழி சொல்கிறார்களாம். வடகலைக்காரர்களுக்குக் குரங்குக்குட்டி வழி. தாய் தாவும்போது குட்டிதான் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, கோட்டைப் படியில் தினமும் நடக்கிற காட்சி. தென்கலைக்காரர்களுக்குப் பூனைக்குட்டி வழி. தாய்ப்பூனை வாயால் கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றுமே செய்யாது. விருத்தாம்பாளின் ஆசாரியர் தென்கலை. அவர் இரண்டு எச்சரிக்கை சொல்லி அனுப்பியிருந்தார். இனி பெருமாளிடம் எதையும் கேட்காதே, கேட்டால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். ஒரு கட்டு கட்டியபின் வேறொரு கயிற்றைப் போட்டுக் கட்டாதே, போட்டால் முதல் கட்டு தானாக அவிழ்ந்துவிடும்.

அவள் அதை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டாள். சனிக்கிழமை சிங்கவரம் போவாள், நிற்பாள், பார்ப்பாள், திரும்பிவிடுவாள். அர்ச்சனை கூடக் கிடையாது. பெயரும் நட்சத்திரமும் சொன்னால் அதுவும் கேட்டதாகிவிடுமாம். மற்ற கோயில் வாசல்களில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். சிங்கவரத்தில் படுத்துக் கிடக்கிற பெருமாள் எழுந்து எப்போது உன்னைத் தூக்கப்போகிறார் என்று நான் சீண்டினேன். அவள் சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

எனக்கு அந்த வாய்க்கொழுப்பு எங்கிருந்து வந்தது என்றால், நான் சமணன். தொண்டூர்க்காரன், பெயர் குணபாலன், ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் சமயத்தில் தூக்குவதற்கும் ஆள் இல்லை, கவ்வுவதற்கும் ஆள் இல்லை. எண்ணெய் தேய்த்த உடம்பில் புழுதி ஒட்டுகிற மாதிரி உயிரில் வினை ஒட்டுகிறது. ஒட்ட வைத்துக்கொண்டதும் உயிர்தான், உதிர்க்க வேண்டியதும் அதே உயிர்தான். கடையில் இதற்கு எதிர்வாதம் செய்ய முருகையன் வாத்தியார் வந்துவிடுவார். அவர் சைவ சித்தாந்தி. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக என் கடைக்குத்தான் வருவார், வீட்டில் அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை என்பது என் கருத்து.

வாத்தியார் ஒரு காடாத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிப்பார். இந்தத் துணி நூலுக்குள் முன்னமே இருந்தது, இல்லாதது ஒருநாளும் வராது. ஆனால் நூல் தானாகத் துணியாகிவிடாது. நூல் முதற்காரணம், தறி துணைக்காரணம், நெய்தவன் நிமித்த காரணம். உலகத்தையும் அப்படி ஒருவன் நெய்கிறான், உயிரைக் கட்டியிருக்கிற பாசத்தையும் அவனே அறுக்கிறான். எனக்குத் துணி லாரியில் கட்டாக வந்து இறங்குகிறது, நெய்தவனை நான் கண்டதில்லை என்பேன். அத்வைதிகளைப் பற்றிக் கேட்டால் வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கட்டே கிடையாது, கட்டியிருப்பதாக நினைப்பதுதான் கட்டு என்று சொல்கிறவனிடம் என்ன பேசுவது என்பார். விருத்தாம்பாள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் என்னிடம், அழுக்கைத் துடைக்க வேண்டிய உயிர் சோர்ந்து படுத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். எங்கள் தொண்டூர்ப் பாறையில் முனிவர்கள் படுத்த கற்படுக்கை இருக்கிறது, அவர்களை யாரும் தூக்கிவந்து படுக்க வைக்கவில்லை என்றேன். "பாவம்," என்றாள். அவள் பாவம் என்றது முனிவர்களையா என்னையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆட்சி மாறிய வருஷம், வெயில் ஏறுகிற சமயத்தில், அவள் புருஷன் இளையபெருமாள் ஜுரத்தில் விழுந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கும் மில்லில் வேலை செய்கிற சாது மனுஷன். டைபாய்டு என்றார் டாக்டர். ஜுரம் இறங்கவே இல்லை, பிதற்ற ஆரம்பித்துவிட்டான். அவனுடைய அம்மா லட்சுமியம்மாள், விருத்தாம்பாளுக்கு மாமியார் மட்டுமல்ல, சொந்த அத்தையும்கூட. கோட்டை மலையான ராஜகிரியில் பாதி உயரத்தில் இருக்கிற கமலக்கண்ணியம்மனுக்கு ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வை என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விருத்தாம்பாள் முடியாது என்றுவிட்டாள். காசு முடிந்து வைத்தால் முதல் கட்டு அவிழ்ந்துவிடும், பிறகு தனக்கும் கதியில்லை, அவனுக்கும் கதியில்லை என்பது அவள் பயம்.

ஊர் சும்மா இருக்குமா? புருஷன் சாகக் கிடக்கிறான், இவளுக்குத் தன் மோட்சம் பெரிதாகப் போய்விட்டது என்று கடைத்தெருவே பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசிய வாய்களில் ஒன்றுகூட அவனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றவில்லை. அவள் அவனைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் கிடத்தி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வார்டிலேயே தரையில் கிடந்தாள். பீ மூத்திரம் வாரினாள். பூனைக்குட்டிக்கு இத்தனை வேலை ஏன் என்று அங்கே போய்ப் பார்த்த வாத்தியார் கேட்டிருக்கிறார். தான் பெருமாளுக்குக் குட்டி, இவனுக்குத் தாய்ப்பூனை என்றாளாம். வாத்தியார் அதைக் கடையில் வந்து சொன்னபோது, அவர் சைவர் என்பதை அவரே மறந்துபோயிருந்தார்.

இளையபெருமாள் பிழைத்து, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். யார் பிழைக்க வைத்தது என்று கடையில் பெரிய வழக்கு நடந்தது. மருந்து துணைக்காரணம், சிவனே நிமித்தம் என்றார் வாத்தியார். அவன் வினை தீர்ந்தது, எழுந்தான் என்றேன் நான். வீட்டிலோ வழக்குக்கே இடமில்லை. லட்சுமியம்மாள் மருமகளைக் கூப்பிட்டு, அம்மன்தான் காப்பாற்றினாள் என்று உண்மையை உடைத்தாள். அவர்கள் பாண்டிச்சேரியில் இருந்தபோது கிழவி காசு முடிந்திருந்தாள். அதுவும் தன் பெயரில் இல்லை. "என் மருமவ விருத்தாம்பா அவ கையால மாவெளக்கு போடுவா, நானும் கூட ஏறி வந்து நிப்பேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளைக் கேட்காமலே அவள் மேல் இரண்டாவது கயிறு விழுந்துவிட்டது. விருத்தாம்பாள் மிஷினில் வந்து உட்கார்ந்தவள் அன்று ஒரு தையல்கூடப் போடவில்லை. அந்த நேரம் பார்த்து இளையபெருமாளுக்குச் சளி பிடித்து லேசாக உடம்பு சுட்டது. அம்மன் நினைவுபடுத்துகிறாள் என்று லட்சுமியம்மாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். மாவிளக்குப் போடும்வரை கஞ்சி இறங்காது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

"நயினாரே," என்றாள் விருத்தாம்பாள், "கட்டு அவுந்துட்டா திரும்பக் கட்டுவாங்களா?"

அவளுடைய ஆசாரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. எங்களிடம் கட்டுகிறவரே இல்லையம்மா, நான் என்ன சொல்ல என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக, இவளுக்காகவாவது அப்படி ஒருவர் இருந்து தொலைக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். "நான் போறேன். மோட்சம் போனா போவட்டும். அத்தை பட்டினி கெடக்குது," என்றாள். வாத்தியாரும் நானும் இத்தனை வருஷம் மோட்சத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அதைக் கையில் வைத்திருந்து கொடுத்தவளை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

ஆடி வெள்ளிக்கிழமை கிளம்பினோம். இளையபெருமாளுக்கு ஏறத் தெம்பில்லை. படியில் வெல்லமாவைக் குரங்குகள் விடாது, தடியோடு ஒரு ஆண்பிள்ளை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கோழி கீழி அறுப்பது உண்டா என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு கையில் மாவுத்தூக்கும் மறு கையில் தடியுமாக நான் நடந்தேன். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். விளக்கு வைத்தபின் சமணர்கள் நாங்கள் சாப்பிடுவதில்லை.

கோட்டை மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியதுமே லட்சுமியம்மாளின் முழங்கால் விட்டுவிட்டது. பட்டினி கிடந்த உடம்பு வேறு. படியில் உட்கார்ந்து, கூட வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தேனே என்று புலம்பினாள். விருத்தாம்பாள் புடவையை இழுத்துச் செருகி, கிழவிக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். கிழவி ஏறிக்கொண்டாள். தொடைகளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு மருமகள் எழுந்தாள்.

படி செங்குத்து. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். கிழவி பள்ளத்தைப் பார்த்துவிட்டு மருமகளின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கினாள். ஒவ்வொரு படிக்கும் பிடி இறுகியது. விருத்தாம்பாளின் முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்துவிட்டது.

"அத்தை, கழுத்த உடு. மூச்சு முட்டுது. நான்தான் புடிச்சிருக்கேன் இல்ல, நீ எங்க உழப்போறே?"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு வாங்க நிற்கிறாள் என்று நினைத்தேன். மூச்சு அடங்கியும் நகரவில்லை. பக்கத்துப் பாறையில் ஒரு குரங்கு வயிற்றில் ஒட்டிய குட்டியோடு மாவுத்தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தடியைத் தட்டினேன். அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, வாய் சிரித்தது.

"நயினாரே, இத்தினி நாளா நானும் இதத்தான் பண்ணிக்கினு இருந்திருக்கேன்."

எதை என்று கேட்டேன்.

"பெருமாள் கழுத்த நெரிச்சிக்கினு இருந்திருக்கேன். பூனைக்குட்டின்னு பேரு. அவுந்துடும் அவுந்துடும்னு கொரங்குக்குட்டி மாதிரி புடிச்சிருக்கேன். புடிச்சிருக்கறது அவருன்னா, நழுவ உடறதுக்கு என் கையில இன்னா இருக்குது?"

என்னிடம் அதற்கு ஒரு மறுப்பு இருந்தது. எப்போதும் ஒன்று இருக்கும். அன்று அதை நான் வெளியே எடுக்கவில்லை.

கமலக்கண்ணியம்மன் முன்னால் மாவைப் பிசைந்து, குழி செய்து, நெய் ஊற்றித் திரி ஏற்றினாள். லட்சுமியம்மாள் பெருங்குரலில் வேண்டிக்கொண்டாள். மகனுக்கு உடம்பு, மருமகளுக்கு ஆயுசு, தனக்கு நல்ல சாவு, எதையும் விட்டுவைக்கவில்லை. விருத்தாம்பாள் சிங்கவரத்தில் நிற்கிற மாதிரியே நின்றாள், பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. விளக்கு மலையேறியதும் மாவைக் கிள்ளிக் கிழவிக்கு ஊட்டினாள். கிழவி ஆவலாகத் தின்றாள்.

திரும்பும்போது கிழவியை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டாள். நான் முன்னால் தடியைத் தட்டிக்கொண்டு வேகமாக இறங்கினேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, என் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் சீக்கிரம் வா என்று சொல்லத் திரும்பினேன். விருத்தாம்பாள் தலையை ஆட்டி, சத்தம் போடாதே என்று ஜாடை காட்டினாள்.

லட்சுமியம்மாள் தூங்கிவிட்டிருந்தாள். தலை மருமகளின் தோளில், அந்தச் சக்கரச் சூடு இருந்த இடத்தில் சாய்ந்திருந்தது. ஏறும்போது கழுத்தை நெரித்த இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

நான் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவர்கள் வரும்வரை நின்றேன். பிறகு பள்ளத்துப் பக்கமாக அவளோடு மெதுவாக இறங்கினேன். நாங்கள் அடிவாரம் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.