ஒருநாள் பிந்திக் குடித்த வைன்

போன வருடம் குளிர் தொடங்கிய நேரம், டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டில் நடந்தது இது.

பக்கத்து வீட்டுக்காரர் இத்தாலியர். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய அண்ணா ஊரில் தகப்பன் விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தில் பழைய முறையிலேயே சிவப்பு வைன் செய்துவந்தார். பழத்தைக் கையால் பறித்து, பெரிய மரப்பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்து எடுப்பது. அண்ணாவுக்கு நோய் கடுமை என்று செய்தி வந்தபோது நான்தான் இவரைக் காரில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். செத்தவீடு முடிந்து திரும்பியவர், அண்ணா செய்ததில் மிஞ்சிய ஒரேயொரு பழைய போத்தலோடு வந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் வா, சேர்ந்து குடிப்போம் என்றார். நானும் யோசியாமல் தலையாட்டிவிட்டேன்.

அன்று வேலையால் வந்து உடுப்பு மாற்றும்போதுதான் மனைவி மறித்தாள்.

"என்னப்பா, வெள்ளிக்கிழமையில குடிச்சுப்போட்டு சாமியறைக்குள்ள வரப்போறியளோ? நாளைக்குப் போங்கோவன்."

அதுவும் சரிதான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்கூடத் தொடுவதில்லை. நாளைக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பினேன், பரவாயில்லை என்று பதில் வந்தது. எனக்குத் தெரிந்தது விஸ்கிதான். அதை எப்போது குடித்தாலும் ஒன்றுதான்.

சனிக்கிழமை போனால் மேசையில் போத்தல் திறந்தபடி இருந்தது. காற்றுப் படட்டும் என்று முதல்நாள் மத்தியானமே எனக்காகத் திறந்து வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய வைன் திறந்தால் அடுத்தநாள்வரை தாங்காதாம். இரண்டு கிளாஸிலும் ஊற்றினார். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நேற்று நன்றாக இருந்தது" என்று டேனிஷில் சொன்னார்.

திறந்தபோது ருசி பார்த்த ஒரு சொட்டைத் தவிர, முதல்நாள் அவர் அதைத் தொடவேயில்லை. அண்ணாவின் வைனைத் தனியாகக் குடிக்க மனம் வரவில்லையாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புளித்துப்போயிருந்த என் கிளாஸை முழுதாகக் குடித்து முடித்தேன். அவர் தன்னுடையதைத் திரும்பத் தொடவில்லை.

வந்து சொன்னபோது மனைவிக்கும் முகம் வாடிவிட்டது. "திறந்தாச்சு எண்டு அந்தாள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை குடிக்காமல் விட்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவர் தன் அண்ணாவின் வைனைக் குடிக்க, நான் ஒரு கிளாஸ் தண்ணீரோடு பக்கத்தில் இருந்திருந்தாலே போதும் என்பது அன்று எனக்குத் தோன்றாமல் போனதுதான் இன்றும் மனதை அறுக்கிறது.