கூட்டும் சொல், குறைக்கும் சொல்

மசி வாசனையோடு புளியங்காயின் புளிப்பும் ஏறிப்போன ஒரு நாற்பது பக்க நோட்டு இன்னும் என் மூக்கில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் அதன் நடுவே ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். இடப்பக்கம், இருப்பதைப் பெரிதாக்கும் சொற்கள்: எக்ஸாஜரேட், மேக்னிஃபை, ஓவர்ஸ்டேட். வலப்பக்கம் அவற்றின் எதிர்ச்சொற்கள்: மினிமைஸ், அண்டர்ஸ்டேட். சூளகிரிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கு நடக்கும் வழியெல்லாம் நான் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே போவேன். கூடவே புளியங்காய் கடித்துக்கொண்டு முனிராஜ் வருவான்.

ஊரில் ஒவ்வொருவரையும் ஒரு பக்கத்தில் சேர்த்துப் பார்ப்பது எனக்கு விளையாட்டானது. எல்லோரும் வலப்பக்கம்தான் போனார்கள். களம் நிறைய ராகி கிடந்தாலும் "ஏதோ வந்துச்சு" என்பார்கள், கண் பட்டுவிடும் என்று. எழ முடியாமல் கிடப்பவரும் "கொஞ்சம் மேலுக்கு முடியல" என்பார். நோவை முழுதாய்ச் சொன்னால் அது உடம்பிலேயே தங்கிவிடும் என்று பயம். கேட்பவர்தான் அந்தக் "கொஞ்ச"த்தைத் தாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். இடப்பக்கத்துக்கு ஊரில் ஒரே ஆள், முனிராஜ். அவன் ஏரியில் பார்த்த தண்ணீர்ப்பாம்பு பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் மாட்டுவண்டி நீளம் ஆகிவிடும்.

அந்த வாரம் அவன் வகுப்பு முழுக்க என் கதையைச் சொல்லியிருந்தான். "நாய் கொரைக்கவே இல்லடா, கொட்டாவிதான் விட்டுது. அதுக்கே இவன் டவுசர நனைச்சிட்டான்." அன்றிலிருந்து எனக்குக் "கொட்டாவி" என்று பெயர். நாய் குரைத்தது உண்மை. டவுசர் நனைந்ததும், சொல்லப்போனால், உண்மைதான்.

அப்போதுதான் அவன் அம்மா எல்லம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. மூன்றாம் நாள் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வடக்கேயிருந்து ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். எங்கள் பக்கத்து மொழி ஒன்றும் அவருக்குத் தெரியாது. நோயாளி சொல்வதை அவருக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும் நர்ஸ் லீவில் போயிருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று முனிராஜ்தான் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

டாக்டர் கேட்டதை நான் எல்லம்மாவிடம் கேட்டேன். "ஏதோ கொஞ்சம் நோவுதுப்பா, அவ்ளோதான்" என்றாள். சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் வயிற்றை அழுத்தியபோதும் முந்தானையைக் கடித்துக்கொண்டாளே தவிர சத்தம் போடவில்லை. முனிராஜ் என் கையைப் பிடித்து உலுக்கினான்.

"மூணு நாளா சுருண்டு சுருண்டு கெடக்குதுன்னு சொல்லுடா. மண்ணப் பிறாண்டுது, தண்ணிகூட உள்ள நிக்கல. சொல்லுடா."

பையன் என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டார். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் மண்ணைப் பிறாண்டியதை முந்தின நாள் அவர்கள் வாசலில் நின்று நானே பார்த்திருந்தேன். ஆனால் என் நாக்கில் ஒரு புதுச் சொல் இருந்தது, மனதில் கொட்டாவி இருந்தது.

"ஹி எக்ஸாஜரேட்ஸ், டாக்டர்."

டாக்டர் சிரித்தார். என் ஆங்கிலம் நன்றாயிருக்கிறது என்றார். ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

"சொன்னியா?" என்று வெளியே வந்ததும் முனிராஜ் கேட்டான்.

"சொன்னேன்."

மறுநாள் எல்லம்மா இறந்துபோனாள். உள்ளே குடல்வால் வெடித்திருக்கும் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அன்றைக்கே அறுத்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று யார் கண்டது என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது வலப்பக்கத்துச் சமாதானம்.

முனிராஜ் அதோடு பள்ளிக்கு வரவில்லை. ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் சேர்ந்து அங்கேயே ஓய்வும் பெற்றான். நான் ஆங்கில ஆசிரியனாகி, வருஷாவருஷம் கரும்பலகை நடுவே அதே கோட்டைக் கிழித்தேன்.

போன மாதம் அவன் பேரனுக்குக் காதுகுத்து. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பந்தியில் அவன் முந்திக்கொண்டான். "எங்கம்மாவுக்காக இவன் டாக்டர்கிட்ட அரை மணி நேரம் இங்கிலீஷ்ல வாதாடினான். டாக்டருக்கே வேர்த்துப்போச்சு."

"பெருசாக்கிச் சொல்றான்" என்றேன். "நான் வாதாடவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சாருக்கு எவ்வளவு அடக்கம் என்று சொல்லி அவன் மருமகள் என் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டாள். முனிராஜ் என் தோளில் கை போட்டான். "கொட்டாவி எப்பவும் கொறச்சித்தான் சொல்லுவான்."

நான் பாயசத்தைச் சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சாலையை அகலப்படுத்தியதில் புளியமரங்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அந்த டாக்டரும் எப்போதோ போய்விட்டார். அன்று நான் என்ன சொன்னேன் என்று தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.

முனிராஜுக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் நன்றாகப் படிப்பான். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.