நாற்பத்தொரு வினாடி

நிஷ் நகரத்தில் நிரல் எழுதுகிறவர்களில் ஸ்லாவொய்காவைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவரும் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது. தண்ணீர் மீட்டர் அளவுகளை வரிசைப்படுத்தும் நிரலைப் பாஸ்கல் மொழியில் எழுதி, பத்தொன்பது வருஷமாகக் கண்ணுங்கருத்துமாகக் காத்து வந்தாள்.

புதிதாக வேலைக்கு வந்த ஓக்னென் அதையே பைத்தானில் எழுதிக் காட்டினான். “நாப்பதே வரிதான்கா! உங்களுதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வழுக்கை விழுந்துடும்.”

மேலாளர் ராடிஷா போட்டி வைத்துவிட்டார். இரண்டு கோடி வரி உள்ள கோப்பைப் படித்து வரிசைப்படுத்த வேண்டும். வேகமான நிரல்தான் இனி. தோற்றவருக்குப் புகார் கேட்கும் தொலைபேசி மேசை.

“பெரியவங்க முதல்ல” என்று வழிவிட்டான் ஓக்னென். அங்கே அது மரியாதை. அந்த மரியாதைதான் அவளுக்கு வேட்டு வைத்தது.

பாஸ்கல், நாற்பத்தொரு வினாடி. அடுத்து ஓடிய பைத்தான், முப்பத்தெட்டு. அறையே கைதட்டியது. பாவம் ஸ்லாவொய்கா, அழுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று சமையலறைக்குப் போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அது கொதிக்க ஒரு யுகம் ஆயிற்று. பின்னாலேயே ராடிஷா வந்து, “எனக்கும் ஒரு வாய்” என்றார். மிச்சமிருந்த சுடுதண்ணீரில் அவர் காப்பி ஒரு நொடியில் தயார்.

ஸ்லாவொய்கா கரண்டியைப் போட்டுவிட்டு, காப்பியும் கையுமாக ஓக்னெனிடம் ஓடினாள்.

“டேய் களவாணி! வட்டிலேருந்து கோப்பை நினைவகத்துக்குக் கொண்டுவந்தது என் நிரல். அது அங்கேயே கிடந்திருக்கு. நீ சுடச்சுட எடுத்துச் சாப்பிட்டிருக்கே!”

“சத்தியமா தெரியாதுக்கா!”

“கணினியை அணைச்சுப் போடு, நினைவகம் காலியாகட்டும். இப்ப நீ முதல்ல ஓட்டு.”

ஓட்டினான். அறுபத்து மூன்று வினாடி. அணைக்காமலே தன்னுடையதை ஓட்டினாள் ஸ்லாவொய்கா. பதினாறு!

“அது நீ சூடு பண்ணிக் கொடுத்தது, தம்பி. ஓசியில வந்த ஜெயிப்பு எனக்கு வேண்டாம்” என்று சொல்லி, மறுபடி அணைத்துப் போட்டுத் தன் நிரலை ஓட்டினாள். அதே நாற்பத்தொன்று.

அந்த நேரம் பார்த்துப் புகார் மேசையில் தொலைபேசி அலறியது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

ஸ்லாவொய்கா ஆறிப்போன காப்பியை ரசித்துக் குடித்தாள்.

“ஓக்னென், உனக்குத்தான். எடு.”