எங்கள் பேரைக் கொண்டுவந்தவன்

எங்கள் குடும்பப் பேர் தமிழ்ப் பேர் அல்ல. அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கரையில் அந்தப் பேரோடு இருக்கிறவர்கள் நாங்கள் ஒரு வீட்டார் மட்டும்தான். எழுதினால் எங்கள் வீட்டு வாசற் படலை வரைக்கும் வழி காட்டியது போலாகிவிடும். நாயாற்றுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் போர்த்துக்கேயப் பேர்கள் புதினமில்லை. எங்களுடையது அவற்றைப் போலவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும் ஆசிரியர்கள் என் பேருக்கு வந்ததும் ஒருகணம் நிற்பார்கள். பிறகு ஆளுக்கொரு விதமாகச் சொல்லுவார்கள். கூடப் படித்தவர்கள் எனக்குப் பறங்கி என்று பட்டம் வைத்தார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் வெள்ளைத் தோலும் இல்லை, பூனைக் கண்ணும் இல்லை. அப்பாவிடம் கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன பேர் என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் வலையைத் திருத்தத் தொடங்கிவிடுவார்.

எண்பதுகளில் அண்ணா ஜேர்மனிக்குப் போனான். அகதியாகப் பதிய வந்தவர்களோடு வரிசையில் நின்றபோது, அங்கிருந்த அதிகாரி அவனுடைய கடவுச்சீட்டைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்து அறையிலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பேரை எங்கே எடுத்தாய் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். அப்பாவின் பேர், அப்பப்பாவின் பேர் என்று அண்ணா சொன்னான். அதிகாரி அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், எழுத்துப் பிழையைத் திருத்துகிறவர் போல ஒரு எழுத்தை வெட்டி, இன்னோர் எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதிக்கொடுத்தார். அன்று முதல் அண்ணாவின் பேர் அப்படியே இருக்கிறது. அவன் எழுதிய முதல் கடிதத்தில், அந்த ஊரில் எங்கள் பேரில் பாண் சுட்டு விற்கிற ஒரு கடை இருக்கிறது என்று இருந்தது. அப்பா அதை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டிச் சிரித்தார். அப்பா பிறகு நெடுநாள் இருக்கவில்லை.

சுனாமி எங்கள் கோயிலைக் கொண்டுபோனபோது ஞானஸ்நானப் புத்தகங்களும் போயின. மிஞ்சிய பத்திரங்களை அம்மா ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். கடைசிச் சண்டையில் இடம் மாறி இடம் மாறி ஓடியபோது அந்தப் பையும் எங்கோ போய்விட்டது. அதோடு தம்பியும் போனான். அவன் கடைசியாக எங்களோடு நின்றது ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடியில். சனத்துக்குள் வேறொரு வரிசைக்குப் போனான். போகும்போது தன் தண்ணீர்ப் போத்தலை அம்மாவிடம் கொடுத்தான். அதன் பிறகு அவனை நாங்கள் காணவில்லை.

வவுனியா முகாமிலிருந்து திரும்பி வந்து, பழைய காணியில் புதிய வீடு கட்டினோம். எனக்கு முல்லைத்தீவில் கணித ஆசிரியை வேலை. அம்மா வீட்டிலேயே இருந்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓர் இரவேனும் அவர் வெளியில் தங்கியதில்லை. சொந்தக்காரர் வீட்டுச் செத்தவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் போவார். பொழுதுபட முன் திரும்பிவிடுவார். காரணத்தை அவர் சொன்னதுமில்லை, நான் கேட்டதுமில்லை.

சில வருடங்களுக்கு முன் அண்ணாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. அம்மாவை அங்கே கூப்பிடவேண்டும் என்று அண்ணா ஒற்றைக்காலில் நின்றான். அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. விசாவுக்கு விண்ணப்பம் போட்டோம், திரும்பி வந்துவிட்டது. தாயின் பேரும் மகனின் பேரும் வேறுவேறாக இருக்கின்றன, உறவை உறுதிப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் பதிவாளர் கந்தோருக்கு அலைந்தேன். எங்கள் பிறப்புப் பத்திரப் பிரதிகளில் ஒரே பேர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. அங்கிருந்த எழுதுவினைஞர் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரீச்சர், இதைப் பாத்தா மூண்டும் மூண்டு குடும்பம்," என்றார்.

அந்தப் பேர் எங்கிருந்து வந்தது, சரியான எழுத்து எது என்று காட்டினால் உதவும் என்று யாரோ சொல்ல, அண்ணாவின் மகள் தேடத் தொடங்கினாள். அவளுக்கு அங்கே ஒரு நூலகத்தில் வேலை. முதலில் விசாவுக்காகத்தான் தேடினாள். பிறகு விட முடியாமல் போய்விட்டது என்று தொலைபேசியில் சொன்னாள். கலியாணம் நாங்கள் இல்லாமலே நடந்தது. அடுத்த வருடம் ஆவணி மாதத்தில் கணவனை அங்கே விட்டுவிட்டு, ஒரு கோப்போடு தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

முன் விறாந்தையில் மேசையைப் போட்டுக் கடதாசிகளைப் பரப்பினாள். அவளுடைய தமிழ் மெதுவானது. சொல்லைத் தேடி எடுத்துத்தான் பேசுவாள். அவள் சொன்னதை என் சொல்லில் சுருக்கி எழுதுகிறேன்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், அவர்களுடைய கம்பனிக்குப் படையாட்கள் போதவில்லை. ஜேர்மன் ஊர்களிலிருந்து, நிலமில்லாத, வேலையில்லாத இளைஞர்கள் நடந்தே துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறினார்கள். அப்படி ஏறியவர்களின் பேர், ஊர், கப்பல், போய்ச் சேர்ந்த இடம் எல்லாம் கம்பனியின் ஆள்பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் எங்கள் பேரோடு ஒருவன் இருந்தான். யாழ்ப்பாணத்தில் இறங்கி, பிறகு முல்லைத்தீவுக் கோட்டையில் காவலுக்கு நின்றிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் வைத்திருந்த கோயிற் புத்தகம் ஒன்றில் அவனுடைய கலியாணம் பதியப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு ஓர் அர்ச்சியசிட்டவளின், அதாவது புனிதை ஒருத்தியின், பேர். பக்கத்தில் 'இந்த ஊர்ப் பெண்' என்ற குறிப்பு. அவளுக்குத் தகப்பன் பேர் எழுதப்படவில்லை. இரண்டு பிள்ளைகளின் ஞானஸ்நானம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் அப்பாவின் பாட்டனுக்கும் இடையில் மூன்றோ நான்கோ தலைமுறைக்கு ஒரு துண்டுக் கடதாசியும் கிடைக்கவில்லை. "நூற்றுக்கு நூறு சொல்ல ஏலாது மாமி," என்றாள் அவள். "ஆனா இந்தக் கரையிலை இந்தப் பேரோடை வேறை ஆரும் வரேல்லை."

பேரின் பொருளையும் சொன்னாள். அது தொழிலின் பேர் அல்ல. வேறு பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வந்து குடியேறிய ஒருவனை ஊர்க்காரர் கூப்பிட்ட பேர். அதாவது அங்கேயும் அவர்கள் வந்து சேர்ந்தவர்கள்தான். அதை விளக்க அவளுக்குச் சொல் வரவில்லை. அதுவரை மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"வரத்தான் எண்டு சொல்லு," என்றார். வெளியிலிருந்து வந்து குடியேறினவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

எனக்கு அந்தக் கதை முழுவதும் மனத்துக்கு உவப்பாக இருக்கவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். படையாளாக வந்தவன். துவக்கோடு கோட்டையில் நின்றவன். தகப்பன் பேர் இல்லாத அந்தப் பெண் விரும்பித்தான் போனாளா, அவளை யாராவது கேட்டார்களா என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. என்னுடைய மாணவர்களின் முன்னால் அந்தப் பேரோடுதான் இத்தனை வருடம் நின்றிருக்கிறேன். அவனிலும் பார்க்க அவளைத்தான் எனக்குத் தேடவேண்டும் போலிருந்தது. அதை அண்ணாவின் மகளிடம், என் மருமகளிடம், சொன்னேன். அவளும் அதற்காகத்தான் நிறைய அலைந்தாளாம். அந்த ஒரு வரிக்கு மேல் அந்தப் பெண்ணைப்பற்றி எங்குமே எழுதியிருக்கவில்லை.

பிறகு மருமகள் கடைசிக் கடதாசியை எடுத்தாள். அந்தப் படையாளின் சொந்த ஊர்க் கோயிலுக்கு எழுதிக் கேட்டு வாங்கிய ஒரு பக்கத்தின் படம். அவனுடைய தாயைப் புதைத்த அன்று எழுதிய குறிப்பு. கைம்பெண், இன்ன வயது, இன்ன நோய் என்று எழுதிவிட்டு, ஈற்றில் ஒரு வரி இருந்தது. மருமகள் விரலை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் தமிழில் சொன்னாள்: ஒரு மகன், கிழக்கிந்தியாவுக்குப் போனவன், உயிரோடு இருக்கிறானோ தெரியாது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள்.

"அந்தத் தாய்க்கு ஒண்டும் தெரியாமலே செத்துப்போனாவோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பம்மா. கடிதம் ஒண்டும் போனதாத் தெரியேல்லை."

"இவன் இஞ்சை பெண்சாதி பிள்ளையளோடை இருந்திருக்கிறான்."

"ஓம்."

அம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடதாசிகளை அடுக்கி முடித்தபோது முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். அவையளுக்கு ஒரு கடிதம் எழுது பிள்ளை என்றார். மருமகள் யாருக்கு என்று கேட்டாள். அந்தக் கோயிலுக்கு என்றார் அம்மா. என்ன எழுதவேண்டும் என்பதை யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

"உங்கடை பிள்ளை இஞ்சை வந்து சேந்தவர். கலியாணம் முடிச்சு இருந்தவர். அவற்றை சந்ததி இஞ்சை இருக்கு. இவ்வளவும் எழுது. தாய்க்குச் சொல்ல ஏலாது. அந்தப் புத்தகத்திலையெண்டாலும் இருக்கட்டும்."

அவள் எழுதினாள். ஜேர்மன் மொழியில் எழுதியதற்குக் கீழே, அம்மா தமிழில் கையெழுத்து வைத்தார்.

அந்தத் தாய்க்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று மறுநாள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் எங்கள் சபை இல்லை, புரட்டஸ்தாந்துக்காரர் என்பது அம்மாவுக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. சுவாமியார் அதைக் கேட்டுவிட்டு, அவர் ஒரு தாய்தானே என்றார். ஞாயிறு பூசையில் அந்தத் தாயின் பேரை அவர் தட்டித்தடவி வாசித்தபோது, முன் வாங்கில் இருந்தவர்கள் யாருடைய ஆள் என்று திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முழங்காலில் இருந்து எழும்பவில்லை. எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்களில் பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர் அம்மா ஒருவர் மட்டுமல்ல. பூசை முடிந்ததும் அவர்களில் இரண்டு மூன்று பேர் அம்மாவிடம் வந்து விசாரித்தார்கள். அம்மா கதையைச் சொல்ல, அவர்கள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இடையில் போய்விட்டார்.

தம்பிக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லிப் பலர் சொன்னதுண்டு. அம்மா அந்தக் கதையை எடுக்கவே விடமாட்டார். இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணாமல் போயிருக்கிறார், இருக்கிறாரா என்பது தெரியாது என்று மட்டும் சொல்லும் வேறொரு சான்றிதழும் இருக்கிறது. அதைப்பற்றி நான் முன்பு சொன்னபோது, அதுவும் ஏமாற்றுவேலை என்று தள்ளிவிட்டார். மருமகள் திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து, நான் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"செத்ததெண்டு எழுத விடமாட்டன்," என்றார். "தெரியாதெண்டு எழுதித் தந்தா வாங்குவன். பிறகு ஒரு காலத்திலை ஆரும் தேடி வரேக்கை, இப்பிடி ஒருத்தன் இருந்தவன் எண்டு எழுத்திலை இருக்கவேணும்."

விண்ணப்பம் கொடுத்தோம். விசாரணைக்கு இரண்டு தரம் போனோம். கேட்ட கேள்விகளுக்கு அம்மா அழாமல் பதில் சொன்னார். சான்றிதழ் கிடைக்க நெடுநாள் எடுத்தது. கிடைத்ததும் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். தம்பியின் பேர் வந்த இடத்தில் மட்டும் விரலை வைத்துப் பார்த்தார்.

இதற்கிடையில் ஜேர்மன் கோயிலிலிருந்து பதில் வந்திருந்தது. பழைய புத்தகத்தில் இப்போது எழுத முடியாதாம். ஆனால் அம்மாவின் கடிதத்தை அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பாதுகாப்பில் வைத்திருப்பதாகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் வாசித்ததாகவும் எழுதியிருந்தார்கள். மருமகள் சேர்த்த கடதாசிகளை வைத்து மறுபடி விண்ணப்பித்தோம். இந்த முறை விசா கிடைத்தது. போவதா இல்லையா என்று நான் கேட்கமுன், மூன்று கிழமைக்கு எத்தனை சீலை வேண்டும் என்று அம்மா கேட்டார்.

புறப்படும் அன்று என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "நீ வீட்டிலை நில்."

அங்கே மருமகள் அவரை அந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோயில் இருந்தது, கல்லறை இல்லை. பழைய குழிகளில் பிறகு வந்தவர்களைப் புதைப்பது அங்கே வழக்கமாம். அம்மா கோயிலுக்குள் ஒரு மெழுகுதிரி கொளுத்தக் கேட்டிருக்கிறார். அந்தச் சபையில் அப்படி வழக்கமில்லை. ஆனாலும் பாதிரியார் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். அதை அம்மாவே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். கதை முடிந்ததும், ஆரும் வந்தவையோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரண்டாவது கிழமை, கூடப் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவர் பரந்தனில் புது வீடு குடிபுகுந்தார். வந்து ஓர் இரவு தங்குவதாகச் சொல்லியிருந்தேன். அன்று விடிய எழும்பிச் சீலை உடுத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு றோட்டுக்குப் போனேன். முல்லைத்தீவில் பஸ் மாறிப் போகவேண்டும். முதல் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் ஏறச் சொன்னார். இத்தனை வருடம் அம்மா வீட்டில் நின்றதால், எந்தக் கவலையுமில்லாமல் எங்கும் போய்வந்தவள் நான். நான் போனால், அன்று இரவு அந்த வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

திரும்பி வந்து வீட்டைத் திறந்தேன். சீலையை மாற்றாமல், விறாந்தையில் அம்மாவின் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, படலையைப் பார்த்தபடி இருந்தேன்.