அப்பாவுக்கு நின்றுபோன படி

அந்த மாதம் சம்பளம் வாங்கி வந்த அப்பா தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "இனிமே முனிசிபாலிட்டியும் நமக்குப் படி குடுக்குது" என்று சொன்னது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ரங்கூனில் அப்போது அரிசியும் வாடகையும் ஏறிக்கொண்டே போயின. அதனால் கோர்ட்டு ஆட்களுக்கு, சர்க்கார் சம்பளத்துக்கு மேலே முனிசிபாலிட்டி கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. கியாக்டடா பேட்டையில் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒரே அறை. தெருக்குழாயிலிருந்து அம்மாதான் தண்ணீர் சுமப்பாள். அப்போது தம்பி வயிற்றில் இருந்தான். உள்ளேயே குழாய் வைத்த வீடு ஒன்றை அம்மா மறுநாளே பார்த்துவிட்டு வந்தாள்.

அப்பா கோர்ட்டில் துபாஷி. நம் ஜனங்கள் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு இங்கிலீஷில் சொல்வார். துரை சொல்வதை இவர்களுக்குத் தமிழில் சொல்வார்.

எங்கள் தெருமுனையில் ஆப்பம் சுடும் அக்கா மேல், பாதையை மறித்து அடுப்பு வைத்தாள் என்று முனிசிபாலிட்டி கேஸ் போட்டது. அக்கா அம்மாவிடம் வந்து நேராகவே கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரரு அவங்க படியத் திங்கிறவரு. என் பேச்சை அவரு ஒழுங்காச் சொல்லுவாரா?" அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. நீயே வந்து பார் என்று அக்கா இழுக்க, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.

கேஸைக் கூப்பிட்டதும் அப்பா துரையிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற கோர்ட்டுச் சேவகர், டவாலிக்காரர்தான் எங்களுக்கு அதைச் சொன்னார். கேஸ் போட்டவர்களிடம் தானும் படி வாங்குவதாகவும், இந்த அம்மாளுக்கு நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஆளை வைக்கலாம் என்றும் சொன்னாராம். துரை அக்காவையே கேட்கச் சொன்னார். தன்னை நம்புகிறாயா என்று அப்பாவே அவளிடம் தமிழில் கேட்க வேண்டியதாயிற்று.

அக்கா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊருக்காக ஒரு வாயி, சோத்துக்காக ஒரு வாயின்னுதான் நெனைச்சேன். தானே சொல்லிட்டாரே, அவரே பேசட்டும்" என்றாள். டவாலிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன்னை ஏசியதையும் சேர்த்து அப்பா ஒன்றுவிடாமல் துரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அக்காவைக் கண்டித்து மட்டும் அனுப்பினார்கள். அடுத்த மாதம், கேஸ் போடுகிறவர்கள் காசைத் துபாஷி வாங்குவது சரியில்லை என்று அப்பாவுக்கு மட்டும் படியை நிறுத்தினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் 'அரிச்சந்திரன்' என்று அவரைக் கேலி செய்தார்கள்.

"நீங்க வாயைத் தொறக்கலேன்னா யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா.

"அந்தப் பொம்பளைக்குத் தெரியுமே" என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் அப்பாவே குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். தம்பி பிறந்து அவன் நடக்கும்வரைக்கும் அவர்தான் சுமந்தார். இப்போது ரங்கூனை ஒட்டிய தின்கன்ஜூனில் என் மகன் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அம்மாவுக்குக் கடைசிவரை அது வாய்க்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லி அவள் ஒருநாளும் அப்பாவைக் குத்தியதில்லை.

கோர்ட்டு மனுஷர் குடம் தூக்குவதைப் பார்க்க முதல் நாள் தெருவே கூடிவிட்டது. அக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஐயா, பாதையில தண்ணி சிந்துது. ஒங்க மேலயும் கேஸு போட்டுறப் போறான்" என்றாள்.

அப்பா சிரித்த சிரிப்பில் பாதிக் குடம் பாதையிலேயே போயிற்று.