லாபம், ரெண்டு, மூணு

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காதுக்குப் பின்னால் எலும்பில் சீழ் கோத்திருந்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வெட்டுவதைவிட மயக்க மருந்துதான் பயம். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் என்ன இருந்ததென்றுகூடத் தெரியாது. தூங்கவைக்கிறவர்களுக்கு எழுப்பவும் தெரியுமா? மூன்று நாளாக அதே நினைப்பு.

அவள் என் கையை விடாததால், தூங்கும்வரை உள்ளே நிற்கவிட்டார்கள். மயக்கம் கொடுக்கிற டிரசர் நம் தமிழ் ஆள்தான். துணி போர்த்திய கம்பிக் கூட்டை அவள் மூக்கின்மேல் வைத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். கனிந்து அழுகப்போகும் பழத்தின் வாடை.

"பாப்பா, ஒண்ணு ரெண்டு சொல்லு பாப்போம்."

"லாபம்," என்றாள் துணிக்குள்ளிருந்து. "ரெண்டு. மூணு."

டிரசர் என்னைப் பார்த்தார். "என்னண்ணே, அரிசிக் கடையா?"

"ஆமாங்க. எங்கூடவே உக்காந்திருப்பா."

படியால் அளக்கும்போது முதல் படியை நாங்கள் ஒன்று என்பதில்லை, லாபம் என்போம். அவள் எண்ணக் கற்றதே அப்படித்தான்.

"அளக்கட்டும்லா. மூட்டை தீர்றதுக்குள்ள தூங்கிரும்."

ஏழில் குரல் நின்றது. விரல்கள் நழுவின. என்னை வெளியே அனுப்பினார்கள்.

எண்ணிக்கையைப் பாதியில் விடுவது கடையில் ஆகாது. வராந்தாவில் நின்று எட்டு என்று தொடங்கினேன். எதிரே அங்சானா மரம் மஞ்சளாகப் பூ உதிர்த்துக்கொண்டிருந்தது. அந்த வாடை என் சட்டையிலும் ஏறியிருந்ததோ என்னவோ, பூவையே படி படியாக அள்ளிக் கொட்டுவது போலிருந்தது. தரை நிறையவே இல்லை. உள்ளே ஏதோ தட்டு விழுந்த சத்தம். நாற்பத்தொன்றா, ஐம்பத்தொன்றா? தப்பிவிட்டது. மறுபடி எட்டிலிருந்து. மறுபடியும் தப்பியது.

தலையைச் சுற்றிக் கட்டோடு கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். வெகுநேரம் அசைவில்லை. பிறகு வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட தகப்பன் இருக்கமாட்டான். கட்டுப் போடாத காதருகே குனிந்தேன்.

"அப்பா, எதுல விட்டேன்?"

"ஏழுலம்மா. அப்புறம் நான் அளந்தேன். தப்பிப்போச்சு."

"போங்கப்பா," என்றாள் நாக்குக் குழற. "கொட்டிட்டு மொதல்லேருந்து அளங்க."

"லாபம்," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டே, "ரெண்டு," என்றாள்.